மரப் பொருத்தில் நிழல் கோடு: ஆரணித் தச்சர்களுக்கு ஒரு பாடம்

ஆரணி என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருவது பட்டுச் சேலையே ஆகும். கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த அந்நகரிலும், அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், பல வீடுகளில் தறியோசையைக் கேட்கலாம். 1989ஆம் ஆண்டு பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பெற்ற திருவண்ணாமலை மாவட்டத்தில் அடங்கிய இவ்வூர் நெசவாளரின் கைத்திறனை நாடறியும். ஆனால் அந்நெசவாளர் அமர்ந்து நெய்யும் தறியைச் செய்து நிறுத்தியவர் ஒரு தச்சர் என்பதையும், நெய்த சேலைகளை மடித்து வைக்கும் பெட்டியையும் அலமாரியையும் செய்து தந்தவர் அவரே என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பட்டு வளர்ந்த ஊரில் தச்சும் உடன் வளர்தல் வேண்டும். அதற்குத் துணையாகும் சிறு நுட்பம் ஒன்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஒரு நெசவுக் குடும்பம் மகளின் திருமணத்தை முன்னிட்டுச் சித்திரை மாதத்தில் மர அலமாரி ஒன்று செய்விக்கிறது எனக் கொள்வோம். தச்சர் நல்ல மரம் தேர்ந்து, பொருத்துகளை இறுக்கமாக அமைத்து, நிற்கும் சட்டமும் குறுக்குச் சட்டமும் சேருமிடம் விரலுக்கே தெரியாதவாறு இழைத்து மெருகிட்டுத் தருகிறார். வீட்டார் மகிழ்ச்சியுடன் பெற்றுக்கொள்கின்றனர். ஐப்பசி மழை பிறக்கிறது. வழவழப்பாயிருந்த பொருத்தில் ஒரு சட்டம் சற்றே மேலெழுந்து விரலில் தட்டுப்படுகிறது. அடுத்த கத்திரி வெயிலில் அதே இடத்தில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு தோன்றி, மெருகையும் பிளந்துகொண்டு ஓடுகிறது. "பச்சை மரத்தைப் போட்டு ஏமாற்றிவிட்டார்" என்ற சொல் தெருவில் பரவுகிறது. அடுத்த வீட்டுத் திருமணத்திற்கு இரும்பு பீரோ வந்து சேருகிறது.

தச்சர் ஏமாற்றவில்லை. மரமும் பச்சையாக இருந்ததில்லை. எனினும் அவர் இழந்தது ஒரு வேலையை மட்டுமன்று. பல்லாண்டுகள் உழைத்துச் சேர்த்த நற்பெயரையே ஆகும். இந்நிலை நேராமற் காக்கும் வழிகளுள் ஒன்றே நிழல் கோடு. பொருத்து இருக்குமிடத்தை மறைக்க முயலாமல், அவ்விடத்தில் வேண்டுமென்றே ஒரு சிறு பள்ளத்தையோ படியையோ அமைத்து, அதில் நிழல் விழும்படி செய்வதே இம்முறை. பார்ப்பவர் அதனை அலங்காரம் என்பர். அது அலங்காரமே. ஆனால் அலங்காரத்தைக் காட்டிலும் பெரிய பயன் ஒன்று அதற்கு உண்டு.

மரம் அசையும் விதம்

மரம் வெட்டுண்ட பின்னரும் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்பதும் விடுவதுமாகவே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காடாகப் பல வாரங்கள் நின்றால் மரத்தின் ஈரம் 7 அல்லது 8 விழுக்காட்டில் வந்து நிற்கும். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாகத் தொடர்ந்து நின்றால் மரத்தின் ஈரம் 15 விழுக்காட்டையும் தாண்டும். ஈரம் ஏறினால் மரம் பருக்கும், இறங்கினால் சுருங்கும். எவ்வளவுதான் நிழலில் உலர்த்திய மரமாயினும் இவ்வியல்பு அதனை விட்டு நீங்காது.

இவ்வசைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இருப்பதில்லை. மரத்தின் நீளத்தில் அது மிகவும் அற்பம். கணக்கில் கொள்ள வேண்டுவதில்லை. அகலத்திலும் கனத்திலுமே அசைவு மிகுதி. அதிலும், ஆண்டு வளையங்களைத் தழுவிய திசையில் ஏற்படும் அசைவு, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல் ஏறக்குறைய இரு மடங்காகும். அசைவு குறைந்தது எனப் புகழ்பெற்ற தேக்கையே எடுத்துக்கொள்வோம். வளையங்களைத் தழுவி அறுத்த 300 மி.மீ. அகலப் பலகை, அதன் ஈரம் 8 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காடாக ஏறும்போது 3 மி.மீட்டருக்குச் சற்று மேல் பருக்கும். மையத்தை நோக்கி அறுத்த பலகையாயின் 2 மி.மீட்டருக்குள் நிற்கும். நம் பக்கத்தில் பயன்படும் நாட்டு மரங்கள் பல தேக்கைவிட மிகுதியாக அசையக்கூடியவை.

இனிப் பொருத்தைக் கவனிப்போம். குறுக்குச் சட்டத்தின் முனையிலுள்ள கழுந்து, நிற்கும் சட்டத்தின் துளையில் நுழைகிறது. இரு சட்டங்களும் 25 மி.மீ. கனமுள்ளவை, இழைத்து ஒரே மட்டமாக்கப்பட்டவை. ஆனால் ஒரு சட்டம் வளையங்களைத் தழுவி அறுக்கப்பட்டது. மற்றொன்று மையத்தை நோக்கி அறுக்கப்பட்டது. பருவம் மாறும்போது ஒன்றின் கனம் மற்றதன் கனத்தைவிடச் சற்று அதிகமாக மாறும். வேறுபாடு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே. அதாவது ஒரு மயிரிழைப் பருமனே. மழவழப்பான பரப்பில் அந்த மயிரிழை போதும். ஒரு படி தோன்றிவிடும்.

இது பிற ஊர்களில் வெறும் கண்ணுறுத்தல். ஆரணியிலோ அதற்கும் மேற்பட்டது. பசை நீக்கிய பட்டிழை ஒன்றின் பருமன் மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கேயாகும். மயிரிழை அளவுள்ள கூரிய மர விளிம்பு அவ்விழைக்கு ஒரு கத்திமுனை போன்றது. பல நாட்கள் உழைத்து நெய்த சேலையை அலமாரியிலிருந்து எடுக்கும்போது, அதன் மடிப்பு அவ்விளிம்பில் உரசினால் இழை எழும்பி நிற்கும். எழும்பிய இழையை மீண்டும் படிய வைப்பது எளிதன்று. ஆகவே பட்டு வைக்கும் மரச் சாமானின் பொருத்து, நெசவாளரின் உழைப்போடு நேரான தொடர்புடையது.

கண் எதனைக் காண்கிறது?

ஒன்றுமில்லாத இடத்தில் புதிதாகத் தோன்றுவதைக் கண் உடனே பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே உள்ள ஒன்று சிறிது மாறினால் அதனை எளிதில் உணராது. நிழல் கோட்டின் இரகசியம் முழுவதும் இவ்வொரு கருத்தில் அடங்கும்.

இடைவெளியே இல்லாத பொருத்தில் அரை மில்லிமீட்டர் வெடிப்பு தோன்றினால், அது குறை. அதே பொருத்தில் முன்பே 3 மி.மீ. அகலமுள்ள கோடு ஒன்று இருந்து, அது மூன்றரை மி.மீட்டராக விரிந்தால், அதனை அளந்து பார்ப்பவர் மட்டுமே அறிவர். அவ்வாறே, ஒரே மட்டமான பரப்பில் மயிரிழைப் படி தோன்றினால் விரல் அதனை அறியும். இரு பரப்புகளுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருந்தால், இப்புறம் எவ்வளவு உயரம், அப்புறம் எவ்வளவு உயரம் என்று விரலோ கண்ணோ ஒப்பிட்டுப் பார்க்க இயலாது. மரத்தின் அசைவு நிற்பதில்லை. அது பள்ளத்தின் நிழலுக்குள் ஒடுங்குகிறது. இயற்கையோடு போராடித் தோற்பதை விடுத்து, அதற்கு இடங்கொடுத்து அதனையே அழகாக்கும் வழி இது.

கோயிலும் சேலையும் கூறுவது

இந்நுட்பம் நமக்குப் புதியதன்று. ஆரணிக்கு அண்மையிலுள்ள தேவிகாபுரம் பெரியநாயகி அம்மன் கோயில் போன்ற கற்கோயில்களின் அடித்தளத்தை உற்று நோக்குங்கள். ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை எனப் பல உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றுள் கண்டம் என்பது உள்வாங்கிய பகுதி. மேலுள்ள பட்டிகையின் நிழல் அதில் விழுகிறது. அந்நிழலே தளத்திற்கு அழகு தருகிறது. கல்லடுக்கும் கல்லடுக்கும் சேரும் கோடு இத்தகைய நிழலில் அமையுமாயின், அது இருப்பதையே நாம் கவனிப்பதில்லை.

நெசவிலும் இக்கருத்தைக் காணலாம். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடாவும் கரைக்கு வேறு நாடாவுமாக ஓட்டி, இரு நிறங்களையும் ஊடைக்கு ஊடை கோத்து நெய்கின்றனர். இரு நிறம் சேருமிடம் நெசவில் கடினமான இடம். நெசவாளர் அதனை மறைக்க முயல்வதில்லை. கோபுர வரிசை போன்ற ரேக்கினை அவ்விடத்திலேயே அமைத்து, சேருமிடத்தைச் சேலையின் சிறப்பாக ஆக்கிவிடுகின்றனர். தச்சர் மரத்தில் செய்ய வேண்டியதும் இதுவே.

பிற நாட்டவரும் இதனை அறிந்திருந்தனர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள பசடீனா நகரில் 1908ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய கேம்பிள் இல்லம் என்னும் மர வீட்டை வடிவமைத்தவர்கள் சார்லஸ் கிரீன், ஹென்றி கிரீன் என்னும் சகோதரர்கள். அவர்கள் அமைத்த மரச் சாமான்களில் காலும் சட்டமும் ஒரே மட்டத்தில் சேருவதில்லை. ஒன்று மற்றொன்றைவிடச் சிறிது உள்வாங்கி நிற்கும். விளிம்புகள் யாவும் உருட்டப்பட்டிருக்கும். ஜப்பானியத் தச்சரும் தூண், சட்டம் ஆகியவற்றின் விளிம்புகளை மெல்லிதாக மழித்துவிடும் வழக்கமுடையவர்கள்.

நிழல் கோட்டின் வகைகள்

நம் பட்டறைகளில் எளிதில் செய்யத்தக்க நான்கு வகைகளைக் கூறுவோம்.

1. இருபுற மழிப்பு. சேரும் இரு சட்டங்களின் முன்விளிம்புகளையும் சாய்வாக, ஒவ்வொன்றிலும் ஒன்றரை மி.மீ. அளவு மழித்துச் சேர்த்தால், நடுவில் ஆப்பு வடிவமான கோடு அமையும். இழைப்புளியால் இரண்டு மூன்று தள்ளலில் முடிந்துவிடும். கதவுப் பலகைகளை நீளவாக்கில் நாக்கும் காடியுமாகச் சேர்க்கும் இடங்களுக்கு இது ஏற்றது.

2. படிக்காடி. ஒரு சட்டத்தின் முனையில் மட்டும் சதுரமான சிறு படி வெட்டி, மற்றச் சட்டத்தைத் தொடாமல் விட்டுவிடுவது. துளையும் கழுந்துமான பொருத்துக்கு இதுவே சிறந்தது. நிழல் கூர்மையாகவும் நேராகவும் விழும்.

3. உருள்வரி. பலகையின் விளிம்பில் அரைவட்டமான வரி ஒன்றையும், அதையடுத்து ஒரு சிறு காடியையும் இழைப்பது. பலகை சுருங்கி இடைவெளி விரிந்தால், அதுவும் வரியின் மறுபுறத்துக் காடியைப்போல் தோன்றி, வரி நடுவில் நிற்பதாகவே தெரியும். பெட்டிகளின் பின்பலகைக்கும் சுவர்ப் பலகைக்கும் இது பொருந்தும்.

4. தள மாற்றம். காடி எதுவும் வெட்டாமல், மேசைக் காலைவிடக் குறுக்குச் சட்டத்தை 3 மி.மீ. உள்வாங்கிப் பொருத்துவது. துளையின் இடத்தை அந்த அளவு நகர்த்தினால் போதும். தனியாக வேலை ஒன்றுமில்லை. புதிதாகக் கற்பவர் இதிலிருந்து தொடங்குதல் நலம்.

செய்முறை

படிக்காடி முறையைப் படிப்படியாகக் காண்போம். சட்டங்கள் 75 மி.மீ. அகலமும் 25 மி.மீ. கனமும் உள்ளவை எனக் கொள்வோம். கழுந்தின் கனம் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8 மி.மீ. எனில், கழுந்தின் இருபுறமும் நிற்கும் தோள் ஒவ்வொன்றும் எட்டரை மி.மீ. இருக்கும். கோட்டின் அகலம் 3 மி.மீ., ஆழம் 3 மி.மீ. அவ்வாறு வெட்டியபின்னும் முன்தோளில் ஐந்தரை மி.மீ. மரம் எஞ்சி, நிற்கும் சட்டத்தில் அழுந்தி நிற்கும். பொருத்தின் வலிமைக்கு இது போதுமானது. தோள் மெலிதான சிறு சட்டங்களில் கோட்டினை 2 மி.மீட்டராகக் குறைத்துக்கொள்க.

முதலாவதாக, கழுந்தையும் துளையையும் வழக்கம்போல் வெட்டி, பசையின்றிச் சேர்த்துப் பாருங்கள். தோள் இடைவெளியின்றி நிற்கும் சட்டத்தில் அமர வேண்டும். இங்கே ஒளி தெரியுமாயின் முதலில் அதனைத் திருத்துக.

இரண்டாவதாக, முன்முகத்தில் தோளிலிருந்து 3 மி.மீ. தள்ளி, மூலைமட்டத்தை வைத்துக் கூரிய கத்தியால் கோடிடுக. பென்சில் கோடு இதற்கு உதவாது. கத்தி மரத்தின் நாரை அறுத்துவிடுவதால் பின்னர் சிராய் எழாது. தோளின் முகத்திலும் முன்பரப்பிலிருந்து 3 மி.மீ. ஆழத்தை மார்க்கிங் கேஜால் குறித்துக்கொள்க.

மூன்றாவதாக, கத்திக் கோட்டின் அருகில் நேரான கட்டை ஒன்றைப் பிடித்து, அதைத் தழுவி நுண்பல் வாளால் 3 மி.மீ. ஆழம் அறுக்க. வாளின் பக்கத்தில் அந்த ஆழத்திற்கு ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிக்கொண்டால் அளவு தவறாது.

நான்காவதாக, உளியால் மிச்ச மரத்தைச் செதுக்கி எடுக்க. இரு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கிச் செதுக்க வேண்டும். ஒரே பக்கமாகத் தள்ளினால் மறுபக்க விளிம்பு பெயர்ந்துவிடும். 3 மி.மீ. கனமுள்ள சிறு பட்டை ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காடியிலும் அதனை இட்டுப் பார்த்தால் எல்லாக் கோடுகளும் ஒரே அளவாக அமையும்.

ஐந்தாவதாக, நேரான குச்சியில் நுண்ணிய உப்புக்காகிதத்தைச் சுற்றி, காடியின் வெளிவிளிம்பில் ஒரு முறை அல்லது இரு முறை மட்டும் தேய்க்க. விளிம்பின் கூர்மை மழுங்க வேண்டும். அதன் நேர்மை கெடக் கூடாது. பழைய பட்டுத்துணித் துண்டு ஒன்றை அவ்விளிம்பில் இழுத்துப் பாருங்கள். துணி தடையின்றி வழுக்கிச் சென்றால் வேலை சரி. ஆரணியில் இதைவிட நல்ல அளவுகோல் வேண்டுவதில்லை.

ஆறாவதாக, பசையிடுவதற்கு முன்பே காடியின் உட்புறத்திற்கு மெருகெண்ணெய் பூசி உலர விடுக. கழுந்திலும் தோளிலும் எண்ணெய் படலாகாது. பட்டால் பசை பிடிக்காது. பசையைத் துளையின் சுவர்களிலேயே அளவாகத் தடவுக. வழியும் பசை காடியில் தேங்கி இறுகிவிட்டால், நிழல் விழ வேண்டிய இடத்தில் வெண்மையான திட்டு பளபளக்கும். முன்பே எண்ணெய் பூசிய காடியாயின், வழிந்த பசையை ஈரத் துணியால் எளிதில் துடைத்தெடுக்கலாம்.

நடுப்பலகை வைத்த கதவாயின் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். படிக்காடியின் உள்முனை நடுப்பலகையின் பக்கம் திறந்து நிற்கும். சட்டங்களின் உள்விளிம்பு முழுவதிலும் சிறு மழிப்பு ஓட விட்டால், கோடு அதனுள் சென்று இயல்பாக முடிவுறும். நடுப்பலகையைச் சட்டத்தின் காடியில் பசையிட்டு ஒட்டவே கூடாது. அது அசைய இடமின்றி வெடித்துவிடும். மேலும், பலகையைக் காடியில் செருகுவதற்கு முன்னரே அதன் ஓரங்களுக்கும் நிறமேற்றி மெருகிடுக. இல்லையேல், வெயிற்காலத்தில் பலகை சுருங்கும்போது மெருகு படாத மரம் வெள்ளைக் கோடாக வெளிப்படும்.

கருவிகள்

இவ்வேலைக்கு விலையுயர்ந்த இயந்திரம் இன்றியமையாதது அன்று. ரூட்டர் இயந்திரம் உள்ளவர் அதனால் விரைவாகச் செய்யலாம். அஃது இல்லாதவர் உருள்வரிக்குத் தேவையான கருவியைத் தாமே செய்துகொள்ளலாம். தேய்ந்த இரும்பறுக்கும் வாளின் தகடு ஒன்றைத் துண்டாக்கி, அதன் நுனியில் வேண்டிய வடிவத்தை அரத்தால் அராவுக. படி வடிவமாக வெட்டிய ஒரு சிறு கட்டையில் வாளால் பிளவிட்டு, தகட்டை அதில் செருகித் திருகாணியால் இறுக்குக. கட்டையின் படி பலகையின் ஓரத்தைத் தழுவிச் செல்ல, தகடு சிறிது சிறிதாகச் சுரண்டி வரியை உண்டாக்கும். முதல் சில இழுப்புகள் மிக மெல்லியனவாக இருக்க வேண்டும். வரி வழி பிடித்துக்கொண்ட பின் வேகம் தானே வரும்.

ஒளியும் அளவும்

கோட்டின் ஆழம் அதன் அகலத்திற்குக் குறையாதிருக்க வேண்டும். அகலம் மிகுந்து ஆழம் குறைந்தால் உள்ளே ஒளி புகுந்து, கோடு கறுப்பாகத் தோன்றாமல் கீறல் போல் தோன்றும். சிறு பெட்டிக்கு ஒன்றரை முதல் 2 மி.மீ., அலமாரிக்கும் மேசைக்கும் 3 மி.மீ., அதாவது ஏறக்குறைய 1/8 அங்குலம், வாயிற் கதவுக்கு 5 அல்லது 6 மி.மீ. என்பது பொருத்தமான அளவு. ஒரே சாமானில் இரண்டு வகை அகலங்களைக் கலத்தல் ஆகாது; அவ்வாறு கலந்தால் கண் உடனே ஒப்பிடத் தொடங்கும்.

சாமான் வைக்கப்படும் இடத்தையும் கேட்டறிக. முற்றத்தின் வழியே மேலிருந்து ஒளி இறங்கும் வீட்டில் கிடைக்கோடுகள் தெளிவாக நிழல் காட்டும். பக்கத்துச் சாளரம் அல்லது வாயிலின் ஒளியில் நிலைக்கோடுகள் எடுப்பாகத் தோன்றும். கருமையான மெருகில் கோடு மறைந்துபோகும். வெளிர்ந்த மெருகில் அது துலங்கும்.

எங்கே கூடாது?

நிழல் கோடு எல்லா இடத்திற்கும் ஏற்றதன்று. சேலையை விரித்து மடிக்கும் மேசையின் மேற்பரப்பில் கோடு இருத்தல் கூடாது. அங்கே பலகைகளை நன்கு ஒட்டிச் சேர்த்து ஒரே பரப்பாக்குவதே முறை. அசைவுக்கு வேண்டிய இடத்தை மேற்பலகைக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில் தருக. அடிச்சட்டத்தின் மேல்விளிம்பில் ஒரு படி வெட்டிவிட்டால், அங்கே நிழல் கோடு அமையும்; மேற்பலகை மிதப்பது போன்ற தோற்றமும் உண்டாகும். பலகையை அடிச்சட்டத்தில் ஆணியடித்து இறுக்காமல், நீண்ட துளை வழியே திருகாணியிட்டால் அது பருவத்திற்கேற்பத் தடையின்றி நகரும்.

மழை படும் வெளிக்கதவில் கிடைக்காடி வெட்டினால் நீர் தங்கி மரம் உளுத்துப்போகும். அங்கே நிலைக்கோடுகள் மட்டும் அமைக்க வேண்டும். கிடைக்கோடு வேண்டுமெனில் அதன் கீழ்விளிம்பு வெளிப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும். மாவும் எண்ணெயும் படியும் அடுக்களை அலமாரிகளில் ஆழமான காடி அழுக்கைச் சேர்க்கும். அங்கே தள மாற்றமே போதும். தறியின் உறுப்புகளில் பாவோ துணியோ தொட்டு நகரும் பகுதி எதிலும் காடி இருத்தலாகாது. அங்கே விளிம்புகளை உருட்டிவிடுவதே தேவை. ஒட்டுப்பலகை குறுக்கும் நெடுக்குமான மெல்லிய அடுக்குகளால் ஆனதால் மிகச் சிறிதே அசையும். அதில் வெட்டும் கோடு பெரும்பாலும் அலங்காரம் மட்டுமே. ஆயினும் ஒட்டுப்பலகையின் ஓரத்தில் தனிமரச் சட்டம் பொருத்தும்போது இரண்டும் வெவ்வேறாக அசைவதால், அவ்விடத்தில் மெல்லிய கோடு பயன் தரும்.

மேற்கூறிய யாவற்றினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. நிழல் கோடு தளர்ந்த பொருத்தை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது. இடைவெளி விழுந்த தோளையும் ஆடும் கழுந்தையும் காடியின் நிழலில் ஒளித்துவைப்பது எளிது. வாங்குபவர் அன்று கண்டுபிடிக்க மாட்டார். ஆனால் ஓராண்டில் கதவு தொங்கும், மேசை ஆடும். மரத்தின் இயல்பை மறைக்க நமக்கு உரிமை உண்டு. நம் வேலையின் குறையை மறைக்க உரிமை இல்லை. ஆகையினாலேயே, காடி வெட்டுவதற்கு முன்னர்ப் பொருத்தைப் பசையின்றிச் சேர்த்துச் சோதித்தல் வேண்டும் என்பதை முதற்படியாக வைத்தோம்.

ஒரு சிறு பயிற்சி

இப்பாடத்தைப் படித்த அன்பர்கள் இதனை ஏட்டளவில் விடாமல் ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டுகிறோம். பட்டறையில் எஞ்சிய ஒரே மரத்திலிருந்து நான்கு துண்டுகள் எடுத்து, இரண்டு பொருத்துகள் செய்யுங்கள். ஒன்றை ஒரே மட்டமாக இழைத்து மெருகிடுக. மற்றதில் 3 மி.மீ. படிக்காடி வெட்டி மெருகிடுக. இரண்டையும் நாளையும் மாதத்தையும் குறித்துப் பட்டறை வாயிலில் அருகருகே மாட்டி வையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தபின் இரண்டின் மீதும் விரலை ஓட்டிப் பாருங்கள்.

அதனை வாங்க வருபவர்களுக்கும் காட்டுங்கள். மரம் ஏன் அசைகிறது, இக்கோடு ஏன் வெட்டப்பட்டது என்பதை முன்கூட்டியே கூறிவிட்டால், பின்னர்த் தோன்றும் சிறு மாறுதலை அவர்கள் ஏமாற்றம் என எண்ண மாட்டார்கள். கூலி சற்று அதிகமாகக் கேட்பதற்கும் அத்துண்டே சான்றாக நிற்கும். கடையில் அடுக்கி வைத்த சாமானுக்கு விலை கூறுவோர் உளர். அது பத்தாண்டுகளில் எவ்வாறு இருக்கும் என்று கூற வல்லவர் மரத்தை அறிந்த தச்சர் ஒருவரே.

சித்திரையில் செய்த அலமாரி ஐப்பசியையும் அடுத்த கத்திரி வெயிலையும் கடந்து, கதவு திறக்கும்போது பட்டின் ஓர் இழையையும் பற்றாமல் நிற்குமாயின், அத்தெருவில் அடுத்த திருமணத்திற்கும் அத்தச்சரையே அழைப்பர். மூன்று மில்லிமீட்டர் நிழலால் ஒரு குடும்பத்தின் சேமிப்பும் ஒரு தொழிலாளியின் நற்பெயரும் காக்கப்படுமெனில், அதனை வெட்டச் செலவிடும் சில நிமிடங்கள் வீணாகமாட்டா.